ராஜா ரவி வர்மா

ராஜா ரவி வர்மா (ஏப்ரல் 29, 1848 - அக்டோபர் 2, 1906) இந்தியாவின் புகழ்பெற்ற ஓவியர்களுள் ஒருவர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய கேரள மாநிலத்தின் கிளிமானூரில் பிறந்தவர். ஐரோப்பியத் தைலவண்ண ஓவிய முறையில் இந்தியப் புராண, இதிகாசக் காட்சிகளையும் உருவப்படங்களையும் வரைந்தார். தம் ஓவியங்களை வண்ண அச்சுப்படங்களாக வெளியிடுவதற்கு 1894ஆம் ஆண்டு மும்பையில் ஓர் அச்சகத்தை நிறுவினார். இந்திய வீடுகளின் சுவர்களில் காணப்படும் இலட்சுமி, சரசுவதி படங்களின் தோற்றத்தில் இவருடைய தாக்கத்தை இன்றும் காணலாம்.

தைலவண்ண நுட்பம் அரண்மனை ஓவியர்கள் சிலரிடம் மட்டும் மறைபொருளாக இருந்த காலத்தில் இவர் அதனைப் பெரும்பாலும் பார்த்தே கற்றார். பின்னர் அந்நுட்பத்தில் உருவான படங்கள் எளியோரின் வீடுகளைச் சென்றடைய வழிசெய்தார். அதற்காகப் பெரும் பொருளிழப்பையும் தாங்கினார்.

இளமை

ரவி வர்மாவின் தந்தை எழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழி அறிஞர். தாய் உமாயம்பா தம்புராட்டி கவிதை இயற்றும் திறன் பெற்றவர். அவர் எழுதிய பார்வதி சுயம்வரம் என்னும் நூலை அவரது மறைவுக்குப் பின் ரவி வர்மா வெளியிட்டார். கோதவர்மன், இராஜராஜ வர்மன், மங்களாபாய் ஆகியோர் இவருடன் பிறந்தவர்கள். இவர்களுள் இராஜராஜ வர்மனும் மங்களாபாயும் ஓவியர்கள் ஆவர்.

கிளிமானூர்க் குடும்பம் திருவிதாங்கூர் அரச குடும்பத்துடன் மண உறவு கொண்டிருந்தது. கதகளி, இசை, வடமொழிக் கல்வி ஆகியவை அக்குடும்பத்தில் வழக்கமாக இருந்தன. சிறுவயதிலேயே ரவி வர்மா அரண்மனைச் சுவர்களில் கரியால் விலங்குகளையும் அன்றாடக் காட்சிகளையும் வரைந்து வந்தார். இதைக் கண்ட தாய்மாமன் இராஜராஜ வர்மா அவருக்கு முதல் ஆசிரியரானார். தாய்மாமன் தஞ்சாவூர் ஓவிய மரபில் பயிற்சி பெற்றவர்.

தஞ்சாவூர் முறையில் உருவங்கள் தெளிவான புறக்கோடுகளுடன் வரையப்பட்டுத் தட்டையான வண்ணங்களால் நிரப்பப்படும். அணிகலன்களும் மண்டபங்களும் சுதைப்பூச்சால் புடைப்பாக்கப்பட்டு அவற்றின்மேல் பொன் தகடு ஒட்டப்படும். ஒரு பக்கத்திலிருந்து விழும் ஒளி, அதனால் ஏற்படும் நிழல், தொலைவு ஆகியவற்றைக் காட்டுவது இம்மரபின் நோக்கம் அன்று. இறைவடிவின் பொலிவைக் காட்டுவதே அதன் நோக்கம். ரவி வர்மாவின் பிற்கால ஓவியங்களில் நகைகளும் பட்டுச்சரிகையும் பெறும் முக்கியத்துவத்திற்கு இந்த இளமைப் பயிற்சியும் ஒரு காரணம் எனலாம்.

ஓவியக் கல்வி

1862ஆம் ஆண்டு, பதினான்கு வயதில் ரவி வர்மா திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டார். அப்போதைய திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாள் கலைகளில் ஆர்வம் உடையவர். அவரது ஆதரவால் இளம் ரவி வர்மா அரண்மனையிலேயே தங்கி, அங்கிருந்த ஓவியங்களையும் ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப்படங்களையும் காணும் வாய்ப்பைப் பெற்றார்.

அரண்மனை ஓவியராக இருந்த இராமசாமி நாயக்கர் மதுரை ஓவிய மரபில் வந்தவர். சுவாதித் திருநாள் காலத்தில் திருவிதாங்கூரில் புகழ்பெற்றிருந்த மதுரை ஓவியர் அழகிரி நாயுடுவின் வழியில் தைலவண்ணத்தை அறிந்தவர். அவரிடமிருந்து ரவி வர்மா நீர்வண்ணத்தின் அடிப்படைகளைக் கற்றார். ஆனால் தைலவண்ண நுட்பத்தை நாயக்கர் கற்றுத்தரவில்லை. அரண்மனையில் தமக்கு ஒரு போட்டியாளர் உருவாவதை அவர் விரும்பவில்லை என்பது வரலாற்று நூல்கள் கூறும் காரணம். நாயக்கரின் மாணவரான ஆறுமுகம் பிள்ளை ஆசிரியர் அறியாமல் இரவு வேளைகளில் வந்து, தாம் அறிந்ததை ரவி வர்மாவுக்குச் சொல்லித் தந்ததாகவும் அந்நூல்கள் குறிப்பிடுகின்றன.

1868ஆம் ஆண்டு தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய உருவப்பட ஓவியர் அரச குடும்பத்தினரை வரைவதற்காகத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் ரவி வர்மாவுக்கு முறையாகக் கற்பிக்க இணங்கவில்லை. மன்னரின் விருப்பத்திற்கிணங்க, தாம் வரையும்போது அருகிலிருந்து பார்க்க மட்டும் இடமளித்தார். வண்ணங்களைப் பலகையில் குழைக்கும் விதம், அடிப்பூச்சின்மேல் அடுத்த பூச்சை ஏற்றும் வரிசை, தூரிகையின் போக்கு ஆகியவற்றை ரவி வர்மா பார்த்து அறிந்து, பின்னர்த் தனியே செய்து பார்த்துத் தேர்ச்சி பெற்றார்.

தைலவண்ணத்தைப் பார்த்து மட்டும் கற்பது எளிதன்று. நீர்வண்ணம் விரைவில் உலர்வதால் அதன் விளைவு உடனே தெரியும். தைலவண்ணம் உலர நாட்கள், சில வேளைகளில் வாரங்கள் ஆகும். எண்ணெய் மிகுந்த பூச்சின்மேல் எண்ணெய் குறைந்த பூச்சை இட்டால் மேற்பூச்சு நாளடைவில் வெடித்துவிடும். செய்த பிழை தெரியவருவதற்கே காலம் ஆகும் என்பதால், வழிகாட்டி இல்லாதவர் ஒரே தவறைப் பலமுறை செய்ய நேரிடும். இந்நிலையில் ரவி வர்மா தைலவண்ணத்தில் முழுத்தேர்ச்சி பெறச் சில ஆண்டுகள் ஆயின.

குடும்பம்

1866ஆம் ஆண்டு மாவேலிக்கரை அரச குடும்பத்தைச் சேர்ந்த பாகீரதி தம்புராட்டியை ரவி வர்மா மணந்தார். பாகீரதியின் தமக்கை இலட்சுமிபாய் திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்குத் தத்தெடுக்கப்பட்டவர். இலட்சுமிபாயின் கணவர் கேரள வர்மா வலிய கோயித்தம்புரான், காளிதாசரின் சாகுந்தலத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்த கவிஞர் ஆவார். ரவி வர்மா பலமுறை சகுந்தலையை ஓவியப் பொருளாகக் கொண்டதற்கு இந்தச் சூழலும் துணைபுரிந்திருக்கலாம்.

பணியின் பொருட்டு ரவி வர்மா நெடுங்காலம் வெளியூர்களிலேயே தங்கினார். பாகீரதி 1891ஆம் ஆண்டு காலமானார். இவர்களின் பேத்திகளான சேது இலட்சுமிபாயும் சேது பார்வதிபாயும் 1900ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்குத் தத்தெடுக்கப்பட்டனர். இளைய மகன் இராம வர்மா மும்பையின் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்று ஓவியரானார்.

சென்னைக் கண்காட்சிகள்

1870ஆம் ஆண்டு ரவி வர்மா மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று வழிபட்டுத் திரும்பும் வழியில், கோழிக்கோட்டைச் சேர்ந்த கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனன் குடும்பத்தின் உருவப்படத்தை வரைந்தார். ஊதியம் பெற்று அவர் வரைந்த முதல் ஓவியமாக இது கருதப்படுகிறது. உயர்குடியில் பிறந்த ஒருவர் பொருள் பெற்றுக்கொண்டு பிறருக்கு ஓவியம் வரைவது அக்காலத்தில் வழக்கமில்லாத ஒன்றாகும்.

இவரது புகழ் பரவத் தொடங்கிய இடம் சென்னை. 1873ஆம் ஆண்டு சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர்ப் பெண்ணைக் காட்டும் ஓவியத்திற்காக ஆளுநரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். அதே ஓவியம் அவ்வாண்டு வியன்னா பன்னாட்டுக் கண்காட்சியிலும் விருது பெற்றது. 1874இல் சரபத் என்னும் நரம்புக் கருவியை இசைக்கும் தமிழ்ப் பெண்ணின் ஓவியம் சென்னையில் மீண்டும் பதக்கம் பெற்றது. 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு ரவி வர்மாவின் ஓவியங்கள் திருவிதாங்கூர் சார்பில் பரிசாக அளிக்கப்பட்டன.

1876ஆம் ஆண்டு துஷ்யந்தனுக்குத் தாமரை இலையில் மடல் எழுதும் சகுந்தலையின் ஓவியம் சென்னையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இதனை அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் கோமகன் விலைக்கு வாங்கினார். பின்னர்த் தமது முழு உருவப்படத்தையும் ரவி வர்மாவைக் கொண்டு வரையச் செய்தார்.

அரண்மனைப் பணிகள்

1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து அரியணை ஏறிய விசாகம் திருநாளுடன் ரவி வர்மாவின் உறவு சீராக இல்லாததால் அவர் திருவனந்தபுரத்தை விட்டு வெளியேறினார். இப்பிரிவு அவரைத் திருவிதாங்கூருக்கு அப்பால் அழைத்துச் சென்றது.

கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பின்னர் பரோடாவிலும் திவானாகப் பணியாற்றிய டி. மாதவராவ் ரவி வர்மாவின் திறமையை அறிந்தவர். அவரது தொடர்பினால் 1881ஆம் ஆண்டு மூன்றாம் சாயாஜிராவ் கெயிக்வாட் பரோடாவில் முழு ஆட்சியுரிமை பெற்ற விழாவையொட்டி ரவி வர்மா அங்குச் சென்றார். 1885இல் மைசூர் மன்னர் சாமராசேந்திர உடையாரின் அழைப்பின்பேரில் மைசூர் சென்று உருவப்படங்களை வரைந்தார்.

1888ஆம் ஆண்டு பரோடா மன்னர் தமது புதிய இலட்சுமி விலாச அரண்மனைக்காகப் பதினான்கு புராண ஓவியங்களை வரையும் பணியை ரவி வர்மாவிடம் ஒப்படைத்தார். மகாபாரத, இராமாயண மாந்தர்களுக்கு எந்த உடையை அணிவிப்பது என்பது இப்பணியில் எழுந்த பெரிய சிக்கல். இந்தியாவின் ஒவ்வொரு பகுதியிலும் உடை வேறுபட்டது. ஒரு பகுதியின் உடையை மட்டும் பயன்படுத்தினால் மற்றப் பகுதி மக்களுக்கு அம்மாந்தர்கள் அந்நியராகத் தோன்றுவர். எனவே ரவி வர்மாவும் தம்பி இராஜராஜ வர்மனும் வட இந்தியாவில் நெடும்பயணம் மேற்கொண்டு உடைகளையும் கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் பார்த்துக் குறிப்பெடுத்தனர். இறுதியில் பெண் மாந்தர்களில் பலருக்குச் சேலையையே பொது உடையாக அமைத்தார். பல பகுதி மக்களும் இப்பெண்களைத் தம்மவராக ஏற்றதற்கு இத்தேர்வு முக்கியக் காரணம்.

இந்த ஓவியங்கள் பரோடாவில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது பெருந்திரளான மக்கள் வந்து கண்டனர். 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு இந்தியப் பெண்களின் வாழ்வைக் காட்டும் பத்து ஓவியங்களை அனுப்பி விருதுகள் பெற்றார்.

பணிமுறை

ரவி வர்மாவின் பெரும்பாலான முதிர்ந்த படைப்புகள் தனி ஒருவரின் உழைப்பால் உருவானவை அல்ல. தம்பி சி. இராஜராஜ வர்மன் (1860 - 1905) இவருடன் தங்கி, பயணங்களையும் கணக்குகளையும் கவனித்ததோடு ஓவியங்களின் பின்புலங்களையும் வரைந்தார். இராஜராஜ வர்மன் நிலக்காட்சி ஓவியத்தில் தனித்திறன் பெற்றவர். 1895 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு சகோதரர்களின் பணிமுறையை அறிய உதவும் முதன்மையான சான்றாக உள்ளது. சகோதரி மங்களாபாய் வரைந்த ரவி வர்மாவின் உருவப்படமும் குறிப்பிடத்தக்கது.

ஓவிய நுட்பங்கள்

மாதிரிகள்: ரவி வர்மா உயிருள்ள மாதிரிகளை நிறுத்தி வரைந்தார். ஒளிப்படங்களையும் துணையாகக் கொண்டார். புராணப் பெண்டிரின் முகங்களுக்கு உயிரோட்டம் வந்தது இதனால்தான். ஒரே ஓவியத்திற்கு வெவ்வேறு மாதிரிகளின் முகம், கை, நிற்கும் நிலை ஆகியவற்றைச் சேர்ப்பதும் அக்காலக் கல்விசார் ஓவிய முறையின் வழக்கமாகும்.

ஒளியும் நிழலும்: தஞ்சாவூர் மரபில் புறக்கோடு செய்த வேலையை இவரது ஓவியத்தில் ஒளிநிழல் செய்கிறது. ஒளி பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து விழுகிறது. கன்னம், தோள், புறங்கை ஆகியவற்றில் வெளிச்சத்திலிருந்து இருளுக்கு மெல்லமெல்ல மாறும் சாயல்களே உடலின் திரட்சியைக் காட்டுகின்றன. தைலவண்ணம் மெதுவாக உலர்வதால் ஈரமாக இருக்கும்போதே இரு சாயல்களை ஒன்றோடொன்று குழைக்க இயலுகிறது.

பூச்சு வரிசை: முதலில் வரைகோடு, அதன்மேல் மெல்லிய அடிப்பூச்சு, அதன்பின் பெரிய ஒளிநிழல் பகுதிகள், கடைசியாக நகைகளின் மினுக்கும் கண்மணியின் ஒளிப்புள்ளியும் என்பது தைலவண்ணக் கல்விசார் ஓவியத்தின் பொதுவான வரிசை. நுணுக்க வேலையைத் தொடக்கத்திலேயே செய்தால் உருவத்தின் அளவில் நேரும் பிழையைத் திருத்த முடியாமற் போகும்.

துணியும் அணியும்: மெல்லிய வெண்துணி, கனத்த பட்டு, சரிகைக் கரை ஆகியவை இவரது ஓவியங்களில் தெளிவாக வேறுபடுகின்றன. மடிப்பின் கூர்மையும் ஒளி படும் இடத்தின் அகலமுமே இவ்வேறுபாட்டைத் தோற்றுவிக்கின்றன. தங்க நகைகளுக்குப் பொன் தகடு ஒட்டாமல் மஞ்சள், பழுப்பு, வெள்ளை வண்ணங்களின் சேர்க்கையாலேயே உலோகத்தின் மினுக்கைக் காட்டினார்.

கதையின் கணம்: ஒரு நீண்ட கதையில் எந்தக் கணத்தை வரைவது என்பதில் இவரது தேர்வு கவனிக்கத்தக்கது. காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல் நின்று துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை, அன்னத்தின் சொற்களைக் கேட்டு நிற்கும் தமயந்தி, சிறகு வெட்டப்படும் சடாயு ஆகிய ஓவியங்களில், முன்னர் நடந்ததையும் அடுத்து நடக்கப்போவதையும் பார்ப்பவர் ஊகிக்கக்கூடிய கணமே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. உருவங்களின் அமைப்பில் அக்கால நாடக மேடையின் தாக்கம் உள்ளதாகக் கலை வரலாற்றாளர்கள் கருதுகின்றனர்.

பின்புலம்: தொலைவில் உள்ள மலையும் மரங்களும் மங்கிய நீலச் சாயலில் தெளிவின்றிக் காட்டப்பட, முன்னுள்ள உருவம் கூரிய விளிம்புடன் எடுப்பாகத் தெரிகிறது. அரண்மனை உட்புறக் காட்சிகளில் பின்புலம் இருளாக விடப்பட்டு முகத்திற்கு மட்டும் ஒளி தரப்படுகிறது.

அச்சகம்

ரவி வர்மாவின் ஓவியங்களுக்கு இருந்த தேவையை இரு கைகளால் நிறைவுசெய்ய இயலவில்லை. 1884ஆம் ஆண்டிலேயே டி. மாதவராவ், சில ஓவியங்களை ஐரோப்பாவிற்கு அனுப்பி வண்ண அச்சுப்படங்களாக்கி வெளியிடுமாறு ரவி வர்மாவுக்குக் கடிதம் வாயிலாக ஆலோசனை கூறினார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1894இல், கோவர்தன்தாஸ் கட்டாவ் மக்கன்ஜி என்பவரைக் கூட்டாளியாகக் கொண்டு மும்பையின் கிர்காம் பகுதியில் அச்சகம் தொடங்கப்பட்டது. இயந்திரங்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் செருமனியிலிருந்து வரவழைக்கப்பட்டனர். அச்சகத்தின் முதல் படம் சகுந்தலையின் பிறப்பு ஆகும்.

இங்குப் பயன்படுத்தப்பட்டது லித்தோகிராபி எனப்படும் கல்லச்சு முறை. வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புத்தன்மை உள்ள மையால் படம் வரையப்படும். கல் நனைக்கப்படும்போது வரையப்படாத இடங்கள் நீரை ஏற்கும். வரையப்பட்ட இடங்கள் நீரை விலக்கும். பின்னர் அச்சு மை பூசப்படும்போது அது வரையப்பட்ட இடங்களில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் நீரும் ஒன்றுகலவா என்பதே இம்முறையின் அடிப்படை.

வண்ணப் படத்திற்கு ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு தனிக் கல் வேண்டும். முதன்மை ஓவியத்தைப் பார்த்து, அதில் மஞ்சள் எங்கெங்கு எவ்வளவு உள்ளது, சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு எனக் கல்லச்சு ஓவியர் பிரித்தறிந்து ஒவ்வொரு கல்லிலும் சிறு புள்ளிகளாக வரைவார். புள்ளிகள் நெருங்கினால் சாயல் அடர்த்தியாகும், விலகினால் வெளிறும். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின்மீதும் ஒருமுறையாகப் பலமுறை அச்சிடப்படும். ஒரு கல்லின் பதிவு சிறிது விலகினாலும் உதட்டின் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். முடிவில் மேற்பூச்சிட்டு, தைலவண்ண ஓவியம் போன்ற பளபளப்பு ஏற்றப்படும். இத்தகைய படங்கள் ஒலியோகிராஃப் எனப்பட்டன.

இலட்சுமி, சரசுவதி படங்கள் மிகுதியாக விற்பனையாயின. கோயிலுக்குள் நுழையும் உரிமை பல சாதியினருக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. திருவிதாங்கூரில் அனைத்துச் சாதி இந்துக்களுக்கும் கோயில் நுழைவு உரிமை 1936ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, கருவறையை நெருங்க இயலாதவர்களும் தம் வீட்டுச் சுவரில் இறைவடிவத்தை மாட்டி வழிபட இப்படங்கள் வழிவகுத்தன.

அச்சகத்தின் வீழ்ச்சி

படங்கள் பரவிய அளவிற்கு அச்சகம் வருவாய் ஈட்டவில்லை. 1896ஆம் ஆண்டு மும்பையில் பரவிய கொள்ளைநோயால் தொழிலாளர்கள் நகரைவிட்டு வெளியேறினர். கூட்டாளி விலகிக்கொண்டார். கடன் பெருகியது. அச்சகம் லோனாவ்லா அருகிலுள்ள மளவலிக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னரும் நிலைமை சீரடையவில்லை. ஓவியர்களான சகோதரர்கள் இருவரும் புதிய ஓவியப் பணிகளுக்காகத் தொடர்ந்து பயணம் செய்ததால் அச்சக நிருவாகத்தை நேரில் கவனிக்க இயலவில்லை.

20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் ரவி வர்மா அச்சகத்தைத் தம்மிடம் பணியாற்றிய செருமானியத் தொழில்நுட்பக் கலைஞர் பிரிட்ஸ் ஷ்லைகருக்கு விற்றார். பல ஓவியங்களை அச்சிடும் உரிமையும் அத்துடன் கைமாறியது. அதன்பின் ரவி வர்மாவின் பெயரைத் தாங்கிய படங்கள் அவரது மேற்பார்வை இன்றியே அச்சாயின. விளம்பரங்களிலும் பண்டங்களின் சீட்டுகளிலும் அவை இடம்பெற்றன. இந்தியத் திரைப்படத்தின் முன்னோடியான தாதாசாகெப் பால்கே தம் இளமையில் இவ்வச்சகத்துடன் தொடர்பு கொண்டிருந்தார். 1972ஆம் ஆண்டு ஏற்பட்ட தீவிபத்தில் அச்சகம் அழிந்தது.

இறுதிக் காலம்

1904ஆம் ஆண்டு பிரித்தானிய இந்திய அரசு ரவி வர்மாவுக்குக் கைசர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் வழங்கியது. 1905இல் தம்பி இராஜராஜ வர்மன் மறைந்தது அவருக்குப் பேரிழப்பாக அமைந்தது. அதன் பின்னரும் மைசூர் அரண்மனைக்கான புராண ஓவியங்களைத் தொடர்ந்து வரைந்தார். நீரிழிவு நோயால் உடல்நலம் குன்றிய நிலையில் கிளிமானூர் திரும்பிய அவர் அக்டோபர் 2, 1906 அன்று தமது 58ஆம் வயதில் காலமானார்.

விமர்சனங்கள்

வாழ்நாளில் பெரும்புகழ் பெற்ற ரவி வர்மா மறைந்த சில ஆண்டுகளிலேயே கடுமையான விமர்சனத்திற்கு உள்ளானார். சென்னைக் கலைப்பள்ளியிலும் பின்னர்க் கல்கத்தாக் கலைப்பள்ளியிலும் தலைவராக இருந்த இ. பி. ஹேவல், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, சகோதரி நிவேதிதா ஆகியோர் இவரது ஓவியங்கள் ஐரோப்பிய முறையைப் பின்பற்றியவை என்றும் இந்தியக் கலையின் அகவுணர்வு அவற்றில் இல்லை என்றும் கருதினர். வங்காளக் கலை இயக்கம் முகலாய, அசந்தா மரபுகளை நோக்கித் திரும்பியது.

இவரது தேவியரின் வெளிர்நிறத் தோற்றமும் உயர்குடி உடையும் அச்சுப்படங்கள் வாயிலாக நாடெங்கும் ஒரே அழகின் அளவுகோலாக நிலைபெற்றன என்பது பிற்கால விமர்சனம். நெசவாளர், உழவர், மீனவர் ஆகியோரின் முகங்கள் அந்த அளவுகோலுக்குள் இடம்பெறவில்லை. எளியோர் வீடுகளில் இடம்பெற்ற படங்கள் எளியோரின் சாயலைக் கொண்டிருக்கவில்லை என்னும் இம்முரண்பாடு ரவி வர்மாவைப் பற்றிய ஆய்வுகளில் தொடர்ந்து பேசப்படுகிறது.

எண்ணிம ஓவியத்துடன் ஒப்பீடு

கணினியில் எண்ணிம முறையில் வரையும் இன்றைய ஓவியர்களுக்கும் ரவி வர்மாவின் பணிமுறை பயனுள்ளதாக உள்ளது. கணினி மென்பொருள்களில் உள்ள அடுக்குகள், தைலவண்ணத்தின் பூச்சு வரிசையையும் கல்லச்சின் தனித்தனிக் கற்களையும் ஒத்தவை. வரைகோடு ஓர் அடுக்கிலும் நிழல் மற்றோர் அடுக்கிலும் ஒளி வேறோர் அடுக்கிலும் இடப்படும்போது ஒன்றைத் திருத்துவதால் மற்றொன்று கெடுவதில்லை.

வண்ணத்தை நீக்கிக் கருப்புவெள்ளையாகப் பார்த்தாலும் ரவி வர்மாவின் ஓவியங்களில் உருவம் பின்புலத்திலிருந்து பிரிந்து தெரியும். ஒளிநிழல் அளவு முதலில் சரியாக அமைந்திருப்பதே இதற்குக் காரணம். எண்ணிம ஓவியர்களும் தம் படத்தை அவ்வப்போது வண்ணமின்றி மாற்றிப் பார்த்து இதனைச் சோதிக்கலாம். எல்லா விளிம்புகளையும் ஒரே கூர்மையில் வரையாமல், முகம், கை போன்ற முதன்மையான இடங்களில் கூர்மையாகவும் மற்ற இடங்களில் மென்மையாகவும் விடுவது இவரிடமிருந்து அறியத்தக்க மற்றொரு நுட்பம். கணினித் திரையில் எவ்வளவு பெரிதாக்கியும் நுணுக்க வேலை செய்ய இயலும் என்பதால், படம் முழுவதையும் தொலைவிலிருந்து பார்க்கும் பழக்கம் மேலும் இன்றியமையாததாகிறது.

அச்சிடப்படும் படங்களில் வண்ணங்கள் தனித்தனியே பிரிக்கப்பட்டுப் புள்ளிகளாகவே இன்றும் தாளில் பதிகின்றன. திரையில் ஒளிரும் வண்ணம் தாளில் மங்குவதும், பதிவு விலகினால் படம் கெடுவதும் மும்பை அச்சகத்தின் கல்லச்சுக் கலைஞர்கள் எதிர்கொண்ட சிக்கலின் தொடர்ச்சியே ஆகும்.

தாக்கமும் நினைவும்

ரவி வர்மாவின் அச்சுப்படங்கள் தமிழகத்தின் நாட்காட்டி ஓவிய மரபிற்கும் முன்னோடியாக அமைந்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898 - 1976), அவர்தம் மாணவர்கள் ஆகியோர் வரைந்த இறைவடிவங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடுகளையும் கடைகளையும் சென்றடைந்தன. நாடகம், திரைப்படம் ஆகியவற்றின் புராண மாந்தர் ஒப்பனையிலும் ரவி வர்மாவின் தாக்கம் உண்டு.

இவரது ஓவியங்கள் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூடம், மைசூர் ஜகன்மோகன் அரண்மனை, பரோடா அரண்மனை, சென்னை அரசு அருங்காட்சியகம் முதலிய இடங்களில் உள்ளன. 1979ஆம் ஆண்டு இந்திய அரசு இவரது படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்து, அவற்றை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதைத் தடை செய்தது. 2013ஆம் ஆண்டு புதன் கோளிலுள்ள ஒரு பள்ளத்திற்கு வர்மா எனப் பெயரிடப்பட்டது.

1915ஆம் ஆண்டு இவரது மகன் இராம வர்மா மாவேலிக்கரையில் தந்தையின் பெயரால் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அது பின்னர் ராஜா ரவி வர்மா நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. இரவில் மறைவாகவும் பிறர் வரைவதை அருகிலிருந்து பார்த்தும் ரவி வர்மா கற்ற தைலவண்ண நுட்பம், அவர் பெயரிலமைந்த அந்நிறுவனத்தில் மாணவர்களுக்கு வெளிப்படையாகக் கற்பிக்கப்படுகிறது.